வீட்டில் சார்ஜ் போட வழியில்லை. வெளி சார்ஜரை மட்டும் நம்பி மின்சாரக் கார் வாங்கலாமா?

கரிசல்காட்டான் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு சின்ன அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். சொந்த வீடு, கீழே எனக்கென்று ஒரு கார் பார்க்கிங்கும் உண்டு. வேலை சிறுசேரியில். ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பாவுக்கு மதுரையில் இதய சிகிச்சை நடக்கிறது, அதனால் மாதம் ஒரு தடவையாவது காரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது.

இப்போது இருக்கும் பெட்ரோல் கார் வயதாகி நிற்கிறது. 40 யூனிட் கரண்ட் கொள்ளும் பேட்டரி உள்ள செகண்ட் ஹேண்ட் மின்சாரக் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. மனசு அதில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் குடியிருப்போர் சங்கம் பார்க்கிங்கில் சார்ஜிங் பாயிண்ட் போட அனுமதி தர மறுக்கிறது. தீப்பிடிக்கும், பொது கரண்ட் போகும், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று மூன்று காரணம் சொல்கிறார்கள்.

அப்படியானால் நான் முழுக்க வெளி சார்ஜரைத்தான் நம்ப வேண்டும். யூனிட்டுக்கு 18, 20, 24 என்று ஆளுக்கொரு விலை, அதற்கு மேல் ஜிஎஸ்டி. இந்த விலைக்கு ஓட்டினால் மிச்சம் ஏதாவது இருக்குமா? கோவில்பட்டி வரைக்கும் சுமார் 550 கிலோமீட்டர். வழியில் சார்ஜர் வேலை செய்யாமல் போய், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய நேரத்தில் நான் பெரம்பலூரில் நிற்கிற நிலை வந்துவிடுமோ என்பதுதான் உண்மையான பயம். விளம்பரம் சொல்வது எனக்குத் தெரியும். ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

---

ஏர்போர்ட்டு_வண்டி

சார், நான் மீனம்பாக்கம் பக்கம் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். மின்சார வண்டிதான். ஒண்டுக்குடித்தன வீடு, வண்டி தெருவில் நிற்கும். வீட்டில் சார்ஜ் என்ற பேச்சே எனக்குக் கிடையாது. நீங்கள் கேட்கிற வாழ்க்கையைத்தான் நான் தினமும் வாழ்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஒரு யூனிட் 20 ரூபாய் என்று போர்டில் இருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 23 ரூபாய் 60 காசு என்று கணக்கு வையுங்கள். சிட்டியில் நிதானமாக ஓட்டினால் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைக்கும். கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 ரூபாய் 40 காசு ஆகிறது. பெட்ரோல் வண்டி இதே டிராஃபிக்கில் லிட்டருக்கு 13 கொடுத்தால் பெரிய விஷயம். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கிறது, அப்போது கிலோமீட்டருக்கு ஏழே முக்கால். வெளியில் மட்டும் சார்ஜ் போட்டாலும் பாதிக்குப் பாதி மிச்சம். இந்த மிச்சம்தான் என் வண்டி லோன் கட்டுகிறது.

ஆனால் பணத்தோடு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் அங்கே இருப்போம். முன்னால் இரண்டு வண்டி நின்றால் உங்கள் முறை வர ஒன்றரை மணி நேரம். பகல் பதினொரு மணிக்குப் போனால் காலியாக இருக்கும், சில இடங்களில் அந்த நேரத்துக்கு ரேட்டும் குறைவு. ஆபீஸ் போகிறவருக்குப் பதினொரு மணிக்கு எங்கே போக முடியும்? ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) உங்கள் ஆபீஸ் வளாகத்திலேயே ஸ்லோ சார்ஜர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அது இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். காலையில் மாட்டிவிட்டுப் போனால் சாயங்காலம் கிளம்பும்போது வண்டி தயாராக இருக்கும்.

ஒரு வேண்டுகோள். ஃபாஸ்ட் சார்ஜரில் 80 பர்சண்ட் வந்ததும் கன்னை, அதாவது காரில் மாட்டுகிற சார்ஜர் முனையை, கழற்றிவிட்டு அடுத்தவருக்கு விடுங்கள். 80க்கு மேல் வண்டி தானாகவே கரண்ட் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 பர்சண்டுக்கு முக்கால் மணி நேரம் ஒருவர் காரில் ஏசி போட்டுத் தூங்குவார், பின்னால் ஃபிளைட் பிக்கப் இருக்கிறவன் காத்துக்கிடப்பான். அந்த ஒரு டிரிப் போனால் அன்றைக்குச் சம்பாத்தியமே போச்சு சார்.

---

நெடுஞ்சாலை_டீசல்

மாதாமாதம் 550 கிலோமீட்டர் போய் வரப் போகிறீர்கள், அதுவும் ஆஸ்பத்திரி விஷயம். நல்ல டீசல் கார் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 19, 20 கொடுக்கும். கிலோமீட்டருக்கு 5 ரூபாய்க்குள் முடியும். வெளி சார்ஜரில் நெடுஞ்சாலைச் செலவு 4 ரூபாயை ஒட்டி வந்துவிடும். இந்த ஒரு ரூபாய்க்காக ஒவ்வொரு தடவையும் இரண்டரை மணி நேரம் வழியில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் சார்ஜ் வசதி வந்த பிறகு வாங்குங்கள்.

---

வைகைக்கரை

நான் மதுரையிலிருந்து சென்னைக்கு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு தனியாக ஓட்டிப் போகிறவள். 35 யூனிட் பேட்டரி வண்டி. விலையைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதை யாரும் எழுதுவதில்லை.

சார்ஜர் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப்பில் ‘24 மணி நேரமும்’ என்று பச்சையாகக் காட்டும். போய்ப் பார்த்தால் அது ஏதோ ஒரு ஷோரூமின் பின்பக்கம். இரவு எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காவலாளிகூட இருக்க மாட்டார். இன்னும் சில இடங்களில் சார்ஜர் நன்றாக வேலை செய்யும், ஆனால் விளக்கு இல்லை, கழிப்பறை இல்லை, ஐம்பது நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு அது வெறும் அசௌகரியம். வயதான அம்மாவோடும் எட்டு வயதுப் பிள்ளையோடும் போகிற பெண்ணுக்கு அந்த இடம் இல்லாததற்குச் சமம்.

பெட்ரோல் பங்குக்கு எத்தனை வருடமாக மேல்கூரை போட்டுக்கொண்டிருக்கிறோம்! சார்ஜருக்கு ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஐப்பசி மழையில் அந்தக் கனமான கன்னைத் தூக்கி மாட்டிப் பாருங்கள், புரியும். மழையில் மாட்டுவதால் ஷாக் அடிக்காது, இணைப்பு சரியாக உட்கார்ந்த பிறகுதான் கரண்டே வரும். அது எனக்குத் தெரியும். ஆனால் நனைந்துகொண்டே போனில் கியூஆர் ஸ்கேன் பண்ணி, சிக்னல் கிடைக்காமல், திரையில் தண்ணீரைத் துடைத்துத் துடைத்து நிற்பது என்ன வசதி?

நான் நிற்பது பெரிய உணவகத்தின் முன்பக்கம் இருக்கும் சார்ஜரில் மட்டும். யூனிட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய் அதிகம்தான். கொடுக்கிறேன். அம்மா மெதுவாக நடந்துபோய் முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வருவதற்குள் 80 வந்துவிடுகிறது. நாங்கள் பெட்ரோல் காரில் போன காலத்திலும் அந்த நேரம் நின்றுதான் போனோம். உங்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்றால், கரிசல்காட்டான், மலிவான சார்ஜரைத் தேடாதீர்கள்.

இன்னொன்று. ஒரே ஆப்பில் எல்லாச் சார்ஜரும் வேலை செய்யாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே போட்டு வைக்கும் பணம். அறுநூறு எழுநூறு ரூபாய் எப்போதும் அங்கங்கே தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு முறை சார்ஜ் ஆரம்பிக்கவே இல்லை, பணம் மட்டும் போய்விட்டது. திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டு வைஃபையில் மூன்று ஆப்பையும் திறந்து, பணம் போட்டு, ஓடிபி எல்லாம் முடித்து வையுங்கள். சில நிறுவனங்கள் தட்டினால் வேலை செய்கிற கார்டு தருகின்றன. சிக்னல் இல்லாத இடத்தில் அது கை கொடுக்கும்.

---

பொன்மலை_ஓய்வு

தம்பி, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். திருச்சிவாசி. இப்போது மின்சாரக் கார்தான் ஓட்டுகிறேன். உங்கள் கேள்விக்கு இரண்டு பாகமாகப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் முக்கியமானது சங்கம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வீட்டு மின்சாரம் எட்டு ஒன்பது ரூபாய்க்கு வரும்போது சார்ஜரில் மட்டும் ஏன் 20 என்று எல்லோரும் கோபப்படுகிறார்கள். கொள்ளையடிக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று நாள் முழுக்க ஓடினால் 1,440 யூனிட் கொடுக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அதில் இரண்டு மூன்று கார் வந்தால் அதிகம். ஆளுக்கு 25 யூனிட் என்றால் 75 யூனிட்தான் விற்பனை. மின் இணைப்புக்கான நிலைக் கட்டணம் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டும், எத்தனை கிலோவாட்டுக்கு இணைப்பு வாங்கினார்களோ அத்தனைக்கும். இட வாடகை, இயந்திரத்தின் விலை, பழுது பார்க்கும் ஆள், எல்லாமே அந்த 75 யூனிட்டின் தலையில்தான் விழுகிறது. கூட்டம் வந்தால் விலை குறையும், விலை குறைந்தால்தான் கூட்டம் வரும். நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

எனக்கு உறுத்துவது அந்த 18 சதவீதம்தான். மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. உங்கள் வீட்டு பில்லில் அது இல்லை. ஆனால் 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது: காருக்குச் சார்ஜ் போடுவது மின்சார விற்பனை அல்ல, அது ஒரு சேவை என்று. நல்ல எண்ணத்தில் கொடுத்த விளக்கம்தான். அதனால்தான் லைசென்ஸ் இல்லாமலே யார் வேண்டுமானாலும் சார்ஜிங் நிலையம் வைக்க முடிகிறது. ஆனால் சேவை என்று ஆனதும் சேவை வரி வந்து உட்கார்ந்துகொண்டது. கார் வாங்கினால் 5 சதவீதம், சார்ஜர் இயந்திரம் வாங்கினால் 5 சதவீதம், அதில் கரண்ட் ஏற்றினால் 18. வீட்டில் பார்க்கிங் உள்ளவன் இந்த வரியைக் கட்டுவதே இல்லை. தெருவில் வண்டி நிறுத்துகிற அந்த ஏர்போர்ட் ஓட்டுநர்தான் தினமும் கட்டுகிறார். இது நியாயமே இல்லை. இதை 5 ஆக்கச் சொல்லி நாம் எல்லோரும் கேட்க வேண்டும்.

பகல் ரேட் குறைவு என்று அவர் சொன்னதற்கும் காரணம் உண்டு. காலை 9 முதல் மாலை 4 வரை சூரிய மின்சாரம் தாராளமாக வருகிற நேரம். அந்த நேரத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மத்திய வழிகாட்டுதலே இருக்கிறது. ஊருக்குப் போகும்போது அதிகாலை கிளம்பினால் உங்கள் மூன்று நிறுத்தங்களும் இந்த நேரத்துக்குள் அடங்கிவிடும்.

மூன்று நிறுத்தம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 40 யூனிட் பேட்டரியில் 85, 90 வேகத்தில் ஏசியோடு போனால் 230 கிலோமீட்டர் நிஜமாகக் கிடைக்கும். வீட்டிலிருந்து ஃபுல்லாகக் கிளம்பினால் உளுந்தூர்பேட்டை சுமார் 190. அங்கே முதல் நிறுத்தம். அடுத்தது திருச்சி, அங்கிருந்து 125 போல. மூன்றாவது மதுரை சுற்றுச்சாலை, இன்னும் 135. மதுரையில் போட்டுவிட்டால் கோவில்பட்டி 100 கிலோமீட்டர்தான், மீதம் வைத்துக்கொண்டே போய்ச் சேரலாம். எப்போதும் 30 பர்சண்ட் கையில் இருக்கும்போதே அடுத்த சார்ஜரைத் தேடுங்கள். 10 வரைக்கும் இழுத்துக்கொண்டு போனால்தான் நீங்கள் பயப்படுகிற பெரம்பலூர் நிலைமை வரும். ஒரே ஒரு கன் உள்ள இடத்தை நம்பிப் போக வேண்டாம். இரண்டு மூன்று நிறுவனத்தின் சார்ஜர்கள் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊரில் நில்லுங்கள். ஆப்பில் கடைசியாக ஒரு வண்டி எப்போது சார்ஜ் போட்டது என்று காட்டும். இன்று காலை யாராவது போட்டிருந்தால் நம்பலாம். நான்கு நாளாக யாரும் போடவில்லை என்றால் தாண்டிப் போங்கள்.

பெட்டியில் 60 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு கன் உள்ள 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டு கார் மாட்டினால் பெரும்பாலும் ஆளுக்கு 30தான். உங்கள் கார் எவ்வளவு வாங்கும் என்பதும் ஒரு வரம்பு. 20லிருந்து 80 வரைக்கும் 24 யூனிட், சராசரி 30 கிலோவாட் என்று வைத்தால் ஐம்பது நிமிடம். டீசல் நண்பர் சொன்ன இரண்டரை மணி நேரம் சரியான கணக்குதான். அதில் ஒன்றரை மணி நேரம் எப்படியும் சாப்பாட்டுக்கும் டீக்கும் போகிற நேரம்.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். சென்னை அபார்ட்மெண்டுகளில் பெரும்பாலும் எல்லா வீட்டு மீட்டரும் தரைத்தளத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கும். உங்கள் மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங்குக்கு கேபிள் இழுத்தால் பொது கரண்ட் ஒரு யூனிட்டும் போகாது. வீட்டில் இருக்கிற மின் இணைப்பிலேயே காருக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பத்தியை அச்செடுத்துக் கடிதத்தோடு வையுங்கள். தீ பயத்துக்குப் பதில், ஒழுங்காகச் செய்த வேலை. பார்க்கிங்குக்குத் தனி எம்சிபி (லோடு மீறினால் கரண்டைத் துண்டிப்பது), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது), சரியான எர்த். 3.3 கிலோவாட் சார்ஜர் போதும் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 7.2 கிலோவாட் என்றால் 6. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். லோடு கூடும் என்றால் வாரியத்தில் விண்ணப்பித்து அனுமதி லோடை உயர்த்துங்கள், சும்மா விடாதீர்கள். துணியைச் சுற்றி ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் கார்டு விடுகிறவர்களால்தான் தீ வருகிறது. சங்கம் அனுமதிக்காத இடங்களில்தான் மக்கள் அதைச் செய்கிறார்கள் என்பதையும் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

செலவு: மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஆபீசுக்கு என்றால் வீணாவதையும் சேர்த்து 155, 160 யூனிட். இரண்டு மாத பில்லில் 300க்கு மேல் கூடும். உங்கள் வீடு ஏற்கெனவே 500ஐத் தாண்டுகிறது என்றால் இந்த யூனிட்டுகள் மேல் அடுக்கில் விழும். 9, 10 ரூபாய் என்று வையுங்கள். 1000ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். அப்படியும் மாதம் 2,000 ரூபாய்க்குள் ஆபீஸ் போய் வந்துவிடலாம். வெளியில் போட்டால் இதே தூரத்துக்கு 3,400 ஆகும்.

---

கரிசல்காட்டான்

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. ஏர்போர்ட்டு அண்ணே, நீங்கள் சொன்னபடி இன்று ஆபீசில் விசாரித்தேன். பேஸ்மெண்டில் நான்கு ஸ்லோ சார்ஜர் இருக்கிறது, யூனிட்டுக்கு 12 ரூபாய், ஆனால் காலை எட்டரைக்கே நிரம்பிவிடுமாம். வாரத்தில் இரண்டு நாள் சீக்கிரம் போனால் போதும், சமாளிக்க முடியும்.

அக்கா, உணவகத்தின் முன்பக்கம் என்ற ஒரு வார்த்தை எனக்குப் பெரிய உதவி. அம்மாவையும் அப்பாவையும் சென்னைக்குக் கூட்டி வரும்போது அதை மட்டும்தான் பார்ப்பேன்.

டீசல் நண்பரே, நெடுஞ்சாலையை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் என் ஓட்டத்தில் பாதி சிறுசேரிக்கும் மடிப்பாக்கத்துக்கும் நடுவில், அதில் பெரும்பகுதி முதல் கியரில் ஊர்கிற ஓட்டம். டீசல் அங்கே என்ன கொடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

பொன்மலை ஐயா, என் பார்க்கிங் மீட்டர் அறைக்கு நேர் எதிர் மூலையில் இருக்கிறது. கேபிள் முப்பது மீட்டர் வரும், இரண்டு பேருடைய பார்க்கிங் மேலே போக வேண்டும். அதில் ஒருவர்தான் சங்கச் செயலாளர். என்ன செய்யலாம்?

---

பொன்மலை_ஓய்வு

முப்பது மீட்டர் ஒரு பிரச்சினையே இல்லை. 3.3 கிலோவாட்டுக்கும் 6 சதுர மில்லிமீட்டர் கம்பியே போட்டுவிடுங்கள், வோல்டேஜ் இறங்காது. பின்னால் பெரிய சார்ஜர் மாற்றினாலும் கம்பியை மாற்ற வேண்டாம். பிவிசி பைப்பை உத்தரத்தை ஒட்டிக் கிளாம்ப் அடித்துக் கொண்டுபோனால் யார் வண்டிக்கும் இடைஞ்சல் இல்லை. செயலாளரின் பார்க்கிங் மேலே போகும்போது ஒரு காலி பைப்பும் சேர்த்துப் போட்டு, அவர் வண்டி நிற்கும் இடத்தில் முனையை மூடி விடுங்கள். நாளைக்கு அவர் வாங்கினால் கம்பி இழுத்தால் போதும் என்று அவரிடமே சொல்லுங்கள். செலவு அதிகம் ஏறாது.

---

ஏர்போர்ட்டு_வண்டி

சார், செயலாளர் சம்மதித்தால் அந்தக் கடிதத்தின் நகலை, பெயர் எல்லாம் எடுத்துவிட்டு இங்கே போடுங்கள். என் கஸ்டமர்கள் நிறைய பேர் வண்டியில் உட்கார்ந்து இதையேதான் கேட்கிறார்கள்.